ரிப்பேரா, புதுசா?

பெட்டியின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் அதை வெடுக்கென்று இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அவள் கணவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

"உங்க அண்ணன் எப்ப வரார்?"

"பதினோரு மணிக்கு வண்டியோட வரேன்னு சொன்னாரு."

எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பெரிய பெட்டியைக் கீழே இறக்கினதே இல்லை.

எல்லாம் ஒரு மூன்று மாதமாகத்தான். காலையில் நன்றாக எழுந்திருப்பாள். பத்துப் பதினோரு மணிக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். வாந்தி, தலைசுற்றல், இரண்டு தடவை மயக்கம் வேறு. முதலில் விசேஷமோ என்று வாயெல்லாம் பல்லாக டாக்டரிடம் ஓடினார்கள். அது இல்லை என்றாகிவிட்டது. பிறகு ரத்தம், ஸ்கேன், கண், காது என்று ஒன்றும் பாக்கியில்லை. ஒரு குறையும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் பிறந்த வீட்டுக்குப் போனால் மட்டும் இரண்டே நாளில் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மாதிரி ஓடியாடினாள். திரும்பி வந்த இரண்டாம் நாளே மறுபடி படுக்கை.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த மாஸ்டரின் அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏண்டா, அங்க இருந்தா வராத தலைவலி இங்க மட்டும் எப்படிடா வரும்? அவளுக்கு உன்னோட இருக்கப் பிடிக்கலை. வாயால சொல்ல முடியாததை உடம்பால சொல்றா, அவ்வளவுதான்."

முதலில் அக்காமேல் எரிந்து விழுந்தார். அப்புறம், கடையில் துணி வெட்டும்போதெல்லாம் அந்தப் பேச்சு கத்தரிக்கோலோடு கூடவே ஓட ஆரம்பித்தது. நேற்று அவரே கேட்டுவிட்டார். "நிஜமாவே உனக்கு முடியலையா?" அவள் நேரே உள்ளே போய் அண்ணனுக்கு போன் போட்டாள்.

மணி பத்தரை. என்ன செய்தால் அவள் நிற்பாள் என்று யோசித்தவருக்குக் குளியலறை கேஸ் ஹீட்டர்தான் நினைவுக்கு வந்தது. எத்தனை தரம் கேட்டிருப்பாள்! "சுவரெல்லாம் கரி படியுதுங்க, துவைச்ச துணியில ஒட்டுது. வேற மாத்திடலாமே." அவர் ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம் என்றே தட்டிக்கழித்தார். பச்சைத் தண்ணீரில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறவருக்கு அந்தக் கஷ்டம் எங்கே தெரியும்? துவைத்துக் குளித்து முடிக்கிறவரை முக்கால் மணி நேரம் அதோடு மாரடிக்கிறவள் அவள்தான்.

புதுசு வாங்கித் தந்தால் பெட்டியைப் பிரிப்பாளா? அசட்டு நினைப்புதான். இருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"மத்தியானத்துக்கு மேலதான் சார் வர முடியும். ரிப்பேரா, புதுசான்னு இங்க இருந்தே எப்படிச் சொல்றது? சுடர் நீலமா எரியுதா, மஞ்சளா எரியுதா? நடுவுல அணைஞ்சு போகுதா? பார்த்துச் சொல்லுங்க."

காலையிலேயே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்த அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "போறவளுக்கு எதுக்குடா புதுசு? இருக்கறதைத் தட்டிக் கொட்டி ஓட்டு."

அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தார். ஹீட்டர் குப்பென்று பற்றிக்கொண்டது. வாசல் கதவு திறந்திருந்ததால் சுடர் ஆடியது. சரியாகத் தெரியட்டும் என்று குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

மஞ்சளாகத்தான் எரிந்தது. மேலே சின்ன ஜன்னலில் அடித்திருந்த பலகையிலும் கரி ஏறியிருந்தது. காற்று சில்லென்று அடிக்கிறது என்று அவள் சொன்னதற்காக, குளிர் ஆரம்பித்தபோது அவரே வெட்டிப் பொருத்திய பலகை. மாஸ்டர் அளவு; ஒரு நூல் இடைவெளி கிடையாது.

நடுவில் அணைகிறதா என்று பார்க்க வேண்டுமே. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்காது என்று தோன்றியதோ என்னவோ, திடீரென்று அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷத்தை நினைத்து வெகுநேரம் அழுதார்.

அழுததில்தான் தலை வலிக்கிறது என்று முதலில் நினைத்தார். நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்தது. வாசலில் வண்டி ஹாரன் கேட்டது. மைத்துனர் வந்துவிட்டார். எழுந்து போய் 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட நினைத்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தாழை நீக்கினதுதான் தெரியும். அப்படியே கதவுக்கு வெளியே சரிந்தார்.

வாசல்வரை போயிருந்த அவள் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கக்கத்தில் கை கொடுத்து இழுத்துப் பால்கனிக்குக் கொண்டுபோய் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"ஐயோ, என் தம்பிக்கு என்னாச்சு? உள்ள போறப்ப கல்லு மாதிரி இருந்தானே!" அக்கா பதறினாள்.

"என்னங்க, என்ன பண்ணுது? சொல்லுங்க."

ஒருமுறை குமட்டி வாந்தி எடுத்தார். வெளிக்காற்று முகத்தில் பட்டதும் கண் லேசாகத் திறந்தது. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நாக்கு குழறியது.

"உனக்கு வருமே... அதுதான். அந்த ஹீட்டர்..."