சண்டைக்கார ஸ்டுடியோ

"இந்த மச்சம் போட்டோல தெரியவே கூடாது. முடியுமா, முடியாதா? அதை முதல்ல சொல்லுங்க."

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததுமே நர்ஸ் கறாராகக் கேட்டுவிட்டாள். இடது கன்னத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது அந்தக் கருமச்சம். பிறவியிலேயே வந்தது. குரூப் போட்டோ என்றால் ஓரமாக நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டே இத்தனை காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது குழந்தைகள் வார்டுக்குத் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். வார்டு வாசலில் படம் மாட்டியே ஆக வேண்டுமாம்.

"தாராளமா முடியும் சிஸ்டர், உட்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார் போட்டோகிராபர். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கேமரா ஸ்டாண்டில் தயாராக இருந்தது. டிராயரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஒரு ஃபில்டர் வளையத்தை ஊதித் துடைத்து, லென்ஸின் மேல் பயபக்தியோடு திருகினார். "இது சாஃப்ட் ஃபில்டர். இதைப் போட்டா முகம் பளிங்கு மாதிரி வரும்."

"அதெல்லாம் எந்தக் காலத்து வித்தை?" மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அவர் மனைவி, நாற்காலியோடு திரும்பினாள். "சும்மா எடுத்துக் குடுங்க. நான் மவுஸை ரெண்டு இழு இழுத்தா மச்சம் போன இடம் தெரியாது."

"வந்துட்டாய்யா, மவுஸைத் தூக்கிக்கிட்டு!"

"ஏன், வரக்கூடாதா? நானும் இங்கதானே வேலை பாக்கறேன்?"

"வெளிச்சம் கேமராவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அதைப் பக்குவப்படுத்தணும். அதுதான் தொழில். எடுத்தப்புறம் அழிச்சு அழிச்சு வரையறதுக்குப் பேரு போட்டோவா?"

"கண்ணாடியைப் போட்டு மறைச்சா தொழில், கம்ப்யூட்டர்ல மறைச்சா மோசடியா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

நர்ஸுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. யார் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

"போன வாரம் ஒரு மாப்பிள்ளை படத்தை எடிட் பண்ணினியே, ஒரு காதைக் காணோம். பொண்ணு வீட்டுக்காரங்க போன் பண்ணி, மாப்பிள்ளைக்குக் காது கேக்குமான்னு விசாரிக்கிறாங்க!"

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை தானாகவே கன்னத்துக்குப் போனது.

"சார், நீங்க உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் வேணும்னா இன்னொரு நாள் வர்றேன்" என்று எழுந்தாள்.

"நீங்க உட்காருங்க சிஸ்டர். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!" நர்ஸ் வேறு வழியில்லாமல் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கேமராவை விட்டு ஓரமாக நகர்ந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையைப் பேன்ட் பைக்குள் விட்டபடி நின்றார் அவர். படம் எடுக்கிற எண்ணமே அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. வந்த ஆளை உட்காரவைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் இப்படிக் குடுமிப்பிடிச் சண்டை போட்டால் கடை எங்கே உருப்படும்?

"பாருங்களேன்! எங்கண்ணன் கல்யாணத்துல உங்க ஃபில்டரைப் போட்டு எடுத்தீங்களே, எங்கம்மா புகைக்குள்ள பேய் மாதிரி நிக்கிறாங்க!"

"அபாண்டமா பேசாதே. உங்கம்மாவை எடுக்கும்போது மட்டும் நான் ஃபில்டரே போடலை!"

அவ்வளவுதான். நர்ஸ் வெடித்துச் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கன்னத்தில் இருந்த கை இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"சிரிங்க சிஸ்டர், நல்லா சிரிங்க. என் பொழப்பு சிரிப்பாத்தான் இருக்கு." மனைவி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். "இந்தாங்க, உங்க படம்."

"எப்ப எடுத்தீங்க?"

போட்டோகிராபர் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் குட்டி ரிமோட் ஒன்று இருந்தது.

திரையில் ஒருத்தி கண்கள் சுருங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சமும் அப்படியே இருந்தது. நர்ஸ் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அழகாகத்தான் இருக்கிறோம் என்று முதல் முறையாகத் தோன்றியது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"மச்சத்தை எடுத்துடட்டுமா?" மனைவியின் கை மவுஸுக்குப் போனது.

"வேண்டாம், விட்டுடுங்க. எடுத்துட்டா எங்க வார்டு வாண்டுங்க, இது யாரு புது சிஸ்டர்னு கேக்கும்."

படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவள், வாசலில் நின்று திரும்பினாள். "தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கலாம். வர்றவங்க முன்னாடி இப்படிச் சண்டை போட்டுக்காதீங்க. பாக்கறதுக்கு நல்லாவா இருக்கு?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சிஸ்டர்" என்றார்கள்.

கதவு சாத்தியதுதான் தாமதம்.

"எங்கம்மா முகமே அப்படித்தான்னு எதுக்குச் சொன்னீங்க? ஒத்திகையில அது இல்லையே!"

"என்ன பண்ணச் சொல்றே? காது காணாமப் போனதுக்கே எல்லாரும் சிரிச்சுடுவாங்க. இவங்க எழுந்து போகப் பாத்தாங்க. விட்டா இன்னொரு தடவை கேமரா முன்னாடி வந்து உட்காருவாங்களா?"

"சரி சரி. முதல்ல அந்த வளையத்துக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க. வெறும் ஓட்டையை ஊதி ஊதித் துடைக்கறீங்க. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. உள்ளே வந்த மனிதர் வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார்.

"ஒரு போட்டோ எடுக்கணும். எனக்குப் பல்லு எடுப்பு, அது தெரியக்கூடாது. அதனால சிரிக்க மட்டும் சொல்லாதீங்க."

"தாராளமா சார், உட்காருங்க." போட்டோகிராபர் ரிமோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தார். "இது சாஃப்ட் ஃபில்டர்..."

மூலையில் நாற்காலி திரும்பியது. "அதெல்லாம் எந்தக் காலத்து வித்தை?"

"வந்துட்டாய்யா, மவுஸைத் தூக்கிக்கிட்டு!"