காலனிப் பக்கப் படிக்கட்டு

"மெட்ரோ ஸ்டேஷனுக்கு நிலம் குடுக்க மாட்டேன்னா மாட்டேன்!" ஆதிகேசவன் கத்தினார்.

மனைவி பூவம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகன் அன்புராஜ் கெஞ்சினான். "நைனா, ஸ்டேஷன் வந்தா கும்மிடிப்பூண்டி கம்பெனிங்களுக்கு ரயில்லயே போலாம். ஊருக்கே நல்லது. ஏன் பேஜாரு பண்றே?"

"ஸ்டேஷன் வேணாம்னு சொல்லலடா." நிலம் கேட்டு வந்திருந்த மெட்ரோ அதிகாரி விரித்திருந்த வரைபடத்தில் ஆதிகேசவன் விரலை ஊன்றினார். "படிக்கட்டு எங்க ஊர்ப் பக்கம் மட்டும் இறங்குது. ஹைவேக்கு அந்தாண்ட, காலனிப் பக்கமும் இறங்கணும். அப்பதான் கையெழுத்து."

அதிகாரி எரிச்சலானார். "அங்க உங்களுக்கு நிலம் இருக்கா?"

"இல்ல."

"பின்ன இன்னா?" என்றான் அன்புராஜ். "காலனிக்காரங்க நம்ம ஊட்டு வாசல்ல நின்னாலே உனக்குப் புடிக்காது. இப்ப அவங்களுக்காக சண்டை போட்றியா?"

ஆதிகேசவன் ஹைவே பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாசமா இருக்கிறவ, தெனம் லாரிங்களுக்கு நடுவுல ஓடி ரோட்டைத் தாண்டி கம்பெனி பஸ் புடிக்கிறா. பாத்துக்கினு இருக்க முடியலடா."

"யாரு?"

"பூமிகா."

பூவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலனிப் பையன் பீட்டரைக் கட்டிக்கொண்டு மகள் போன நாளிலிருந்து, அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று தடை போட்டவரே அவர்தான்.