முதல் சிரிப்பு

தையல்கூடத்தில் சாப்பாட்டு நேரம். மிஷின்கள் ஓய்ந்துவிட்டன, மின்விசிறி மட்டும் வெக்கையைக் கிண்டிக்கொண்டிருக்கிறது. மேற்பார்வையாளர் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். பித்தான் தைக்கும் பெண் காலையில் திக்கித் திக்கிச் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை: "இன்னைக்கும் மாஸ்டர் என்னை மாதிரி பேசிக் காட்டினா, நா... நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன் சார்." கட்டிங் மாஸ்டர் துணி வெட்டுவதில் சூரன், நாக்கும் அதே கூர். மேற்பார்வையாளரோ கண்டிக்கப் போன இடத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிற ரகம். இதோ, மாஸ்டர் எழுந்து உதட்டைக் கோணுகிறார். "சார், பித்தான் தீ... தீ... தீந்துபோச்சு!" யாரும் உடனே சிரிக்கவில்லை. எல்லாக் கண்களும் மேற்பார்வையாளரின் வாயைப் பார்க்கின்றன. இத்தனை நாளும் முதல் சிரிப்பு தன்னுடையதுதான் என்பது அவருக்கு இப்போதுதான் உறைக்கிறது. பாழாய்ப்போன உதடு பழக்கதோஷத்தில் விரியப் பார்க்கிறது. ஒரு கவளத்தைத் திணித்து அதை அடைத்துவிட்டு, மூட்டை சுமக்கிறவர்போல் களைப்பாக மெல்லுகிறார். "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்கிறார் மாஸ்டர். "உக்காருப்பா. இ... இனிமே இந்த விளையாட்டு இங்க வேண்டாம்." திக்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் மெதுவாக உட்காருகிறார். மூலையில் பித்தான் பெண் தன் டப்பாவின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.