அலமாரிக்குள் ஆரஞ்சு

"பொய் சொல்லாதடா. உனக்குத்தான் மூக்கு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே."

"அந்த செத்த மூக்குக்குத்தான் ஆரஞ்சு மணக்குதுங்கிறேன், கேளுக்கா..."

"போன வாரம் பால் தீஞ்சு வீடே புகையறப்ப, பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சவன்தானே நீ."

கார்களுக்குப் பெயிண்ட் அடித்தே மோப்பத்தைத் தொலைத்தவன் தம்பி. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எடுக்கப் பழைய அலமாரியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சின்ன வயதில் கிறிஸ்துமஸ் அன்று அந்த அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்பாள் கடைக்குட்டி பாப்பா. ஏழு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அந்த வாசனை இன்னொரு தரம் வராதா என்று அக்கா வருஷா வருஷம் ஆரஞ்சு வாங்கி உரித்துப் பார்ப்பாள். வெறும் பழம்தான் மணக்கும். இந்த வருஷம் இன்னும் வாங்கவில்லை.

"ஆரஞ்சு மட்டுமாடா?"

"இல்லக்கா. மெழுகுவத்தி அணைச்ச புகை. அவ தலை எண்ணெய். எல்லாம் சேந்து வருது."

அக்கா தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தாள். அந்துருண்டை நெடிதான் வந்தது. மறுபடியும் இழுத்தாள். தொங்கிய துணிகளுக்கு நடுவிலிருந்து ஆரஞ்சுத் தோல் ஒன்று அவள் காலடியில் விழுந்தது. அதன் உட்புறம் இன்னும் ஈரமாக இருந்தது. எடுத்து மூக்கில் வைத்து அழுத்தினாள். ஒன்றும் மணக்கவில்லை.

தம்பி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

அக்கா துணிகளைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"உன்னை இடுப்புல வச்சு வளத்தவ நான்தானே பாப்பா. எனக்கு மட்டும் ஏன்டி தர மாட்டேங்கிற?"