கே என்ன முறை?

மாலை நேர ஆங்கில வகுப்பில் ஜெனிட்டா டீச்சர் கத்திக்கான சொல்லைப் பலகையில் எழுதி, "நைஃப்" என்று வாசித்தாள். முதலில் நிற்கும் கே-யைச் சொல்லக் கூடாதாம். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பரோட்டாக் கடையில் மாவு பிசையும் ஒச்சம்மா மட்டும் அந்தக் கே-யையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அது பக்கத்து எழுத்துக்கு என்ன முறை வேணும்?"

"எது?"

"அந்தக் கே-தான். ஆளு முன்னாடி நிக்கிறாரு, வாயால சொல்லக் கூடாதுன்னா கட்டுன புருசனாத்தான இருக்கணும்?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே, அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாசிக்கச் சொன்னாள். ஒச்சம்மா பலகையில் இரண்டு பெயர்களை எழுதினாள். முதல் பெயரைத் தாண்டி, தன் பெயரைச் சத்தமாக வாசித்தாள். சிரிப்பு நின்றது. கேரளாவுக்கு வேலைக்குப் போன அவள் புருசனிடமிருந்து பல வருசமாகத் தகவலே இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"வராத ஆளு, சொல்லாத பேரு. இன்னும் எதுக்குக்கா இது?" டீச்சர் மெதுவாகக் கேட்டுவிட்டு டஸ்டரை எடுத்தாள்.

ஒச்சம்மா மாவு காய்ந்த உள்ளங்கையால் அந்த முதல் பெயரை மறைத்துக்கொண்டாள்.

"அப்ப மொதல்ல அந்தக் கே-யை அழிங்க, டீச்சர்."