சவுக்கின் நுனி

பண்ணை வீட்டார் கொடுத்த சவுக்கை, வெள்ளிப் பூண் போட்ட கைப்பிடி பார்ப்பவர் பக்கம் வரும்படி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார் அருங்காட்சியகக் காப்பாட்சியர் தேவநேசன். அந்தச் சவுக்கால் அடிபட்டவர்களின் தெருவிலிருந்து அஞ்சம்மாளை அழைத்துவந்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அவள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“இங்க நின்னா அத எடுத்து யாரையாச்சும் அடிக்கணும்னு கை வருது சார். திருப்பி வைங்க. பிடிப் பக்கம் ஆளு நிக்க எடமே இருக்கக் கூடாது.”

கைப்பிடி சுவரோடு ஒட்டியது. நுனி கூடத்தை நோக்கி நீண்டது.

திறப்பு விழாவுக்குப் பண்ணையாரின் பேரன் வந்தார். கைப்பிடியைத் தேடிப் பெட்டியைச் சுற்றப் போனவரைச் சுவர் மறித்தது.

“யாரு வேல இது?”

நுனிக்கு எதிரே நின்றிருந்த அஞ்சம்மாள் சற்றே நகர்ந்து தன்னருகே இடம் விட்டாள்.

“இப்புடி வந்து நில்லுங்க. நாங்க நின்ன எடந்தான்.”