கைக்கு வராத மண்

"அந்தம்மாகூட ஒரே சக்கரத்துலயா? நான் மாட்டேன்!"

யாஸ்கா சொன்னது பானை வகுப்பு முழுக்கக் கேட்டது. பதினைந்து வயதுப் பெண். அவள் 'அந்தம்மா' என்றது, அப்பா போன வருஷம் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்த சோகோரோவை.

"சக்கரம் கம்மி. ரெண்டு பேருக்கு ஒண்ணுதான்," என்றார் மாஸ்டர் எவெனோர். "இஷ்டம் இல்லேன்னா வாசல் திறந்துதான் இருக்கு."

வாசலில் அப்பா லாரியைக் கிளப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். யாஸ்கா வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். காலையில்தான் அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஒரு வீட்டுல ரெண்டு பேர் பேசாம இருக்கறதை என்னால இனிமே பார்க்க முடியாது. இன்னைக்கும் இப்படியே இருந்தா, நாளைக்கே உன்னை எஸ்தெலியில அத்தை வீட்டுல விட்டுடறேன்."

"கடைசியா ஒரு தடவை. இந்தப் பானை வகுப்புக்குப் போயிட்டு வர்றோம்," என்று கெஞ்சியவள் சோகோரோதான்.

லாரி போனது.

மாஸ்டர் செய்து காட்டினார். களிமண்ணைச் சக்கரத்தின் நடுவில் அறைந்தார். கையை நனைத்துக்கொண்டு, காலால் உதைத்துச் சுற்றினார். "மண்ணு முதல்ல நடுவுல நிக்கணும். அப்புறம்தான் கிண்ணமெல்லாம்."

முதலில் யாஸ்காவின் முறை. அவள் மண் குடிகாரனைப் போல் தள்ளாடியது. மாஸ்டர் கை கொடுத்து, ஒருவழியாகக் கிண்ணம் மாதிரி ஒன்று வந்தது.

அடுத்து சோகோரோ. மண் ஏறியது. ஏறிய வேகத்தில் 'தொப்'பென்று சரிந்தது.

யாஸ்கா பக்கத்துச் சக்கரத்துக்காரி தெல்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "இவங்க சுடற தோர்த்தியா ரொட்டியும் இப்படித்தான் இருக்கும். எந்தப் பக்கம் கடிக்கறதுன்னே தெரியாது."

"என் பொண்ணா இருந்தா வாயிலேயே ஒண்ணு போட்டிருப்பேன்," என்றாள் தெல்மா.

"விடுங்க அக்கா. நிஜத்தைத்தானே சொல்றா," என்றாள் சோகோரோ.

மறுபடி மண் வைத்தாள். மறுபடி சரிந்தது. இன்னொரு தடவை. அதுவும் போயிற்று.

தெல்மாவுக்கு இப்போது சோகோரோ மேலேயே எரிச்சல் வந்தது. 'இப்படியும் ஒரு கையாலாகாதவளா! அந்தப் பெண் எப்படி மதிக்கும்?'

மாஸ்டர் குனிந்து சோகோரோவின் கையையே உற்றுப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"ஒரு நிமிஷம். நீங்க வேணும்னே..."

சோகோரோவின் முழங்கை பட்டுத் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது. முழுவதும் அவர் பூட்ஸுக்குள்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்!"

"எழுந்திருங்க!" என்று கத்தினார். "மண்ணும் பாழ், என் நேரமும் பாழ். போய்ச் சுவரோரமா நில்லுங்க!"

சோகோரோ தலையைக் குனிந்துகொண்டு எழுந்தாள். எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"எதுக்கு அவங்களை விரட்டறீங்க?"

யாஸ்காதான். எழுந்து நின்றுவிட்டாள்.

"கத்துக்கத்தானே வந்திருக்காங்க? உங்களுக்கு மட்டும் முதல் நாளே வந்துடுச்சா? பெரிய மனுஷியைப் போய் ஸ்கூல் பிள்ளை மாதிரி சுவரோரம் நிக்க வைக்கறீங்க!"

மாஸ்டர் விலகி வழிவிட்டார்.

"நீங்க உட்காருங்க," என்று சோகோரோவின் தோளைப் பிடித்து அழுத்தினாள் யாஸ்கா. பின்னால் நின்று, அவள் கைகள் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டாள். "சக்கரத்தை மட்டும் உதைங்க. கையை எங்கிட்ட விட்டுடுங்க. இவ்வளவு அழுத்தாதீங்க சித்தி. பூனைக்குட்டியைப் பிடிக்கற மாதிரி பிடிங்க."

சித்தி.

சோகோரோவின் கால் ஒரு நொடி உதைக்க மறந்தது.

கிண்ணம் வந்தது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். விளிம்பை எலி கடித்த மாதிரி இருந்தது. யாஸ்கா மண் கையோடு குதித்தாள். வெளியே லாரி ஹாரன் கேட்டது.

"அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். அதைத் தொட்டுடாதீங்க சித்தி, உடைச்சிடுவீங்க!"

அவள் ஓடியதும் மாஸ்டர் ஈர பூட்ஸ் 'சளக் சளக்' என்க நெருங்கி வந்தார்.

"எந்தப் பட்டறைக்காரன் உங்களை அனுப்பினான்?"

"என்ன மாஸ்டர்?"

"முதல் நாள் வர்றவங்களுக்கு மண்ணு நடுவுலயே நிக்காது. உங்க மண்ணு ஒவ்வொரு தடவையும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அப்புறம் நீங்களே கட்டைவிரலால தள்ளி விட்டீங்க. என்னைக் கேலி பண்ணத்தானே வந்தீங்க?"

சோகோரோ வாசலைப் பார்த்தாள். பிறகு காலியாக இருந்த மாஸ்டரின் சக்கரத்தில் ஓர் உருண்டையை அறைந்து, உதைத்தாள். தெல்மா எட்டிப் பார்ப்பதற்குள் மெல்லிய கழுத்தோடு ஒரு கூஜா எழுந்து நின்றது.

"சான் ஹுவான்ல குயவர் வீட்டுப் பொண்ணு நான். நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே சக்கரத்துல உட்கார்ந்தவ."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

"நான் எந்த ஊருன்னு அவ இதுவரைக்கும் கேட்டதில்ல. அவ அப்பாகிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்."

வெளியே யாஸ்காவின் குரல் நெருங்கியது. "வந்து பாருப்பா! சித்திக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்!"

சோகோரோ கூஜாவின் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். அது வெறும் மண்ணாயிற்று.

"அடுத்த சனிக்கிழமையும் எனக்கு வராது, மாஸ்டர். நல்லாத் திட்டுங்க."